முன்காசு கேட்காத ஆய்வுப் பயிற்சிகள்: வன்னிப் பொறியியல் மாணவர்களுக்காக ஒரு மதிப்புரை

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இந்தப் பந்தியோடு போகலாம். பாடம் படிக்க எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர், என்பிடெல் என்ற இலவச இணையத்தளங்கள் இரண்டும் தாராளம். ஆய்வுப் பயிற்சிக்கு வெளிநாடு போக விருப்பம் என்றால் முதல் விண்ணப்பம் ஜப்பானின் ஒகினாவாவிலுள்ள ஓஐஎஸ்டி என்ற ஆய்வு நிறுவனத்துக்குப் போகட்டும். கணினிப் பொறியியல் படித்துக்கொண்டு, வீட்டை விட்டு நகரமுடியாத நிலை என்றால் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதும் கூகிள் சம்மர் ஒஃப் கோட் திட்டம். வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிற, காசு கட்டினால் சான்றிதழ் தருகிற இன்டர்ன்ஷிப் எதையும் தொடவேண்டாம்.

இனி ஏன் என்று சொல்கிறேன். நான் வன்னியில் வளர்ந்து, பொறியியல் முடித்து, இப்போது கிளிநொச்சியில் வேலை செய்கிறேன். அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துப் பிள்ளைகளும், மொறட்டுவை, பேராதனை என்று தூரம் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் விண்ணப்பம் எழுதும்போது கூட இருந்து வாசித்துத் திருத்திக் கொடுப்பேன். கீழே வருவதெல்லாம் நான் பயன்படுத்தியது, அல்லது அவர்கள் பயன்படுத்தும்போது பக்கத்தில் இருந்து பார்த்தது.

அளவுகோல் ஒன்றே ஒன்றுதான் வைத்திருக்கிறேன். ஒரு சேவை எங்களுக்கு ஏதாவது தருவதற்கு முதல் எங்களிடம் என்ன கேட்கிறது? கடனட்டை கேட்கிறதா, விமானச் சீட்டை நீயே எடு, பிறகு பற்றுச்சீட்டைக் காட்டினால் காசு தருகிறோம் என்கிறதா, நாள் முழுக்க அறுபடாத இணையம் வேண்டும் என்கிறதா, பெரிய பேராசிரியர் யாரையாவது தெரிந்திருக்கவேண்டுமா? கொழும்பில் வசதியாக இருக்கும் பிள்ளைக்கு இவை சின்ன விஷயங்கள். விசுவமடுவில், துணுக்காயில், மாந்தையில் இருக்கும் பிள்ளைக்குக் கதை அந்த இடத்திலேயே முடிந்துவிடும், விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தைக்கூட அது தாண்டாது.

பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை வரிசை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா நான்கும் அந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கின்றன. இந்த ஏற்பாட்டால்தான் இணைந்த கணிதத்துக்கு ஒழுங்காக ஆசிரியர் கிடைக்காத பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் பொறியியலுக்குப் போகிறது, அது நியாயமான ஏற்பாடு, அதைக் குறைசொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஒதுக்கீடு வாசல்வரைக்கும்தான் கூட வரும். உள்ளே போன பிறகு எல்லோருக்கும் ஒரே ஆங்கிலம், ஒரே பரீட்சை, ஒரே ஜீபிஏ, அதாவது புள்ளிச் சராசரி. விடுமுறை வந்தால் கூடப் படிக்கிறவன் ஒரு ஆய்வுகூடத்தில் பேராசிரியரோடு நின்று வேலை பழகுகிறான், எங்கள் பிள்ளை வயலுக்கோ மேசன் வேலைக்கோ போய் அடுத்த செமஸ்ரருக்குக் காசு சேர்க்கிறது. மகாபொல உதவிப்பணம் 2025இல் மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூடியது, நல்லதுதான், ஆனாலும் அதை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சம்பளமில்லாமல் ஆய்வு செய்யமுடியாது. இந்த இடைவெளியை எந்தச் சேவை நிரப்புகிறது என்பதுதான் என் கேள்வி முழுவதும்.

சரி, பாடங்களிலிருந்து தொடங்குவோம்.

எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் 2001இல் அறிவிக்கப்பட்டது, இப்போது 2,500க்கு மேல் பாடங்கள் இருக்கின்றன. பதிவு செய்யத் தேவையில்லை, மின்னஞ்சல் முகவரிகூடக் கேட்காது. எனக்கு அதில் மிகப் பிடித்தது, பெரும்பாலான பாடங்களை முழுதாகச் சுருக்கிய ஒரே கோப்பாக (zip) இறக்கலாம், குறிப்பு, பயிற்சி, தீர்வு எல்லாம் அதற்குள் வரும். கம்பஸ் இணையத்தில் இறக்கி பென்டிரைவில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டால் பிறகு டேட்டாவே தேவையில்லை. 2022இல் ஒரு நாளைக்குப் 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்ற காலத்தில், நேரடி வகுப்புகளை நம்பியிருந்த பிள்ளைகள் தவித்தார்கள், முதலே இறக்கி வைத்திருந்தவர்கள் கரண்ட் வரும் நேரத்தில் லப்டொப்பைச் சார்ஜ் போட்டுவிட்டு ராவிராவாகப் படித்தார்கள். கில்பர்ட் ஸ்ட்ராங்கின் நேரியல் இயற்கணித விரிவுரைகள் இதில்தான் இருக்கின்றன. மனுசன் 2023 மே மாதம் கடைசி வகுப்பை எடுத்துவிட்டு ஓய்வுபெற்றுவிட்டார், ஆனால் கரும்பலகையில் சோக்குக்கட்டியோடு அவர் 1999இல் எடுத்த வகுப்புகளை இன்றைக்கும் பார்க்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறும் முதல் வருடப் பிள்ளைக்கு நான் முதலில் இவரைத்தான் காட்டுவேன். ஆறுதலாகக் கதைப்பார், ஒரு விஷயத்தை இரண்டு மூன்று தரம் வேறு வேறு விதமாகச் சொல்வார். சான்றிதழ் கிடையாது. அது ஒரு குறையாக எனக்குப் படவில்லை.

என்பிடெல் எங்களுக்கு இன்னும் கிட்ட. இந்தியாவின் ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. மண் பொறிமுறை, கட்டமைப்புப் பகுப்பாய்வு, மின்வலு அமைப்புகள் என்று எங்கள் பாடத்திட்டத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆங்கில உச்சரிப்பும் எங்கள் காதுக்குப் பழகினது. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் போட்டிருக்கிறார்கள். ஏஎல் (உயர்தரம்) வரை தமிழில் படித்துவிட்டு திடீரென்று எல்லாம் ஆங்கிலமாகிவிட்ட பிள்ளைக்கு அந்த மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கில விரிவுரையைக் கேட்பது பெரிய பலம், கருத்து ஒருபக்கம் ஆங்கிலம் ஒருபக்கம் என்று இரண்டோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டத் தேவையில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: பாடமும் வாராந்தப் பயிற்சியும் இலவசம், சான்றிதழ் வேண்டும் என்றால் கட்டணம் கட்டி இந்தியாவிலுள்ள நிலையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுதவேண்டும். ஆகவே சான்றிதழை மறந்துவிட்டுப் பயிற்சியைச் செய்யுங்கள். விண்ணப்பத்தில் இந்தப் பாடம் படித்தேன் என்று எழுதுவதைவிட, படித்ததை வைத்து இன்னது செய்தேன் என்று எழுதினால்தான் வாசிக்கிறவர் நிமிர்ந்து பார்ப்பார்.

செய்வதற்கு மென்பொருள் வேண்டுமே, அது காசு அல்லவா என்று கேட்பார்கள். இல்லை. நீரியல் செய்கிறவர்களுக்கு அமெரிக்க இராணுவப் பொறியியல் படையின் ஹெக்-எச்எம்எஸ், ஹெக்-ராஸ் இரண்டும் இலவசம், மழைநீரும் ஆற்றுநீரும் எப்படி ஓடும் என்று கணக்கிடுபவை. குழாய் வலையமைப்புக்கு எப்பாநெட் இலவசம், வரைபடத்துக்குக் கியூஜிஐஎஸ், கணிப்பு வேலைக்கு மட்லாப் இல்லாவிட்டால் ஒக்டேவ், சுற்றுப்பலகை வரைய கைகாட். திருட்டுப் பிரதி தேடி வைரஸ் வாங்கவேண்டிய தேவையே இல்லை. உலகத் தரமான ஆய்வுகள் இவற்றை வைத்துத்தான் நடக்கின்றன.

அப்புறம் ஆய்வுக்கான பொருள் எங்கள் வீட்டு வாசலிலேயே கிடக்கிறது, இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கினபோது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைப் பற்றிக் கதைக்காத வீடு இல்லை. கனகராயன் ஆற்றில் மழை விழுந்து எத்தனை மணிநேரத்தில் அந்தத் தண்ணீர் குளத்துக்கு வருகிறது, கதவை எப்போது, எவ்வளவு திறந்தால் கீழே என்ன நடக்கும் என்று ஹெக்-எச்எம்எஸ்ஸில் போட்டுப் பார்க்க மூன்றாம் வருட சிவில் மாணவரால் முடியும். மன்னாரில் காற்றாலைகள் சுற்றுகின்றன, பூநகரிக் காற்றைப் பற்றி வருடக்கணக்காகக் கதைக்கிறார்கள், உலகக் காற்று வரைபடத்தின் தரவு இலவசமாகக் கிடக்கிறது. தாளையடியில் ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறந்தாயிற்று, அதற்குப் பின்னால் இரணைமடுத் தண்ணீர் யாருக்கு என்ற பெரிய தகராறே இருக்கிறது. கொழும்பில் இருந்து வருகிற ஆய்வாளர் இதையெல்லாம் இரண்டு நாள் ஹோட்டலில் தங்கிக் கேட்டு எழுதுகிறார். எங்கள் பிள்ளைக்கு எந்த வாய்க்கால் எந்த மாதத்தில் வற்றும் என்று அம்மம்மா சொல்லியே தெரியும்.

ஆய்வுக் கட்டுரைகள் வாசிக்க: ஆர்க்சைவ் என்ற கட்டுரைத் தளம் 1991 முதல் திறந்தே இருக்கிறது, அன்பேவோல் என்ற சின்ன நீட்சியைப் பிரவுசரில் போட்டுவிட்டால் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியை அதுவே தேடித் தரும். அப்படியும் கிடைக்காவிட்டால் எழுதினவருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோசமாக அனுப்புவார்கள். எங்கள் ஊர்க் குளங்கள், குடியேற்றங்கள் பற்றிய பழைய மலர்களும் நூல்களும் வேண்டும் என்றால் நூலகம் தளத்தைப் பாருங்கள். 2005இல் தொண்டர்கள் தொடங்கியது, இவ்வளவும் சேர்த்து வைத்திருக்கிறார்களே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறையும்.

இனி ஆய்வுப் பயிற்சி. முதலில், எங்களுக்குத் திறக்காத கதவுகளைச் சொல்லிவிடுகிறேன். கனடா மாமா, லண்டன் சித்தப்பா எல்லாம் அன்போடு இணைப்பு அனுப்புவார்கள், பிள்ளைகள் கிழமைக்கணக்கில் படிவம் நிரப்பிவிட்டுத்தான் தகுதி இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். அமெரிக்காவின் ஆர்இயூ என்ற மாணவர் ஆய்வுத் திட்டம் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் மட்டும். ஜேர்மனியின் டாட் ரைஸ் என்ற கோடை ஆய்வுப் பயிற்சி வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்களுக்கு. இலங்கையில் படிக்கிறவர் இவற்றில் நேரத்தைச் செலவழிக்கவேண்டாம்.

ஆனாலும் ஆர்இயூ எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1980களிலிருந்து அதை நடத்துகிறது. வழக்கமாகக் கோடை விடுமுறையில் பத்துக் கிழமை அளவில், மாணவர் ஒரு ஆய்வுக்குழுவில் சேர்ந்து வேலை செய்கிறார், அதற்கு உதவித்தொகை, தங்குமிடம், பயணச் செலவு. ஆய்வு வசதி குறைந்த கல்லூரிகளிலிருந்து கணிசமான பங்கு மாணவர்களை எடுக்கவேண்டும் என்பது அதன் விதியிலேயே இருக்கிறது. சிறுபான்மை மாணவர்களை அறிவியலிலும் பொறியியலிலும் நிலைக்கவைக்க 1991இல் தொடங்கிய லூயிஸ் ஸ்டோக்ஸ் கூட்டமைப்புத் திட்டமும் இதே யோசனைதான். பிள்ளைக்குத் திறமை இருக்கிறது, ஆனால் கோடையில் வேலைக்குப் போகாமல் இருக்க வழியில்லை என்பதை ஒத்துக்கொண்டு, அந்த வேலைக்குப் பதிலாகச் சம்பளம் கொடுத்து ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவருகிறார்கள். அறிவுரை சொல்லி அனுப்புவதில்லை, காசு கொடுக்கிறார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள், கீழே திரும்பவும் தேவைப்படும்.

எங்களுக்குத் திறந்திருப்பதில் முதலிடம் ஓஐஎஸ்டி, அதாவது ஒகினாவா அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், பட்டப்படிப்பின் கடைசி வருடங்களில் இருப்பவர்களும் முதுமாணி மாணவர்களும். சில மாதங்கள், கூடினது ஆறு மாதம். போய்வரும் பயணத்தை அவர்கள் ஏற்கிறார்கள், தங்குமிடம் தருகிறார்கள், விசாவுக்கு உதவுகிறார்கள், ஒரு நாளைக்கு 2,400 யென் படி. வேலை முழுக்க ஆங்கிலத்தில், ஜப்பானிய மொழி தெரியத் தேவையில்லை. என் அளவுகோலில் இதற்கு முழுப் புள்ளி, ஏனென்றால் ஒரு விவசாயியின் பிள்ளை வட்டிக்குக் கடன் வாங்காமல் போய்வரலாம். படிக்காசு கைக்கு வரும்வரை சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சக் காசு வைத்திருக்கவேண்டும், அதை முதலே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

முல்லைத்தீவுத் தங்கச்சி ஒருவர் இப்படிப் போய்வந்தார். முதல் சுற்றில் கிடைக்கவில்லை. அந்த விண்ணப்பத்தில் சின்ன வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம், நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை என்று எழுதியிருந்தார், பொய் இல்லை, ஆனால் ஆயிரம் பேர் அதையே எழுதுவார்கள். இரண்டாம் சுற்றுக்கு இருந்து கதைத்தபோதுதான் அப்பாவின் கச்சான் தோட்டத்துக்கு மண் ஈரம் அளக்கும் கருவி ஒன்று செய்துவைத்த கதை வெளியே வந்தது. இரண்டு கம்பியைக் குத்தும் மலிவு சென்சர் மின்னாற்பகுப்பால் சில கிழமையிலேயே அரித்துப்போய்விட்டது, மின் கொள்ளளவை அளக்கும் வகைக்கு மாறினார், அதுவோ மத்தியான வெயிலில் அளவு கூட்டிக் காட்டியது, வெப்பநிலையையும் சேர்த்து அளந்து அதைத் திருத்தும் ஒரு சமன்பாட்டைத் தானே கண்டுபிடித்தார், மண்ணை அடுப்பில் உலர்த்தி நிறுத்துச் சரிபார்த்தார். "இது சும்மா வீட்டில செய்தது அண்ணா, இதைப் போய் எழுதலாமோ" என்று கேட்டார். அதைத்தான் எழுதவேண்டும். அளவு பிழைக்கிறது என்று கவனித்து, ஏன் பிழைக்கிறது என்று தேடி, திருத்தி, திருத்தியது சரியா என்று வேறு வழியில் சோதிப்பது, ஆய்வு என்றால் அதுதானே. இந்த ஒரு பக்கத்தை நேராக எழுதினார். இடம் கிடைத்தது.

அம்மாவுக்குத்தான் பயம். "தனியப் பொம்பிளைப் பிள்ளை, அங்க ஆரைத் தெரியும்?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. நிறுவனத்தின் தங்குமிடம், கூடத் தங்குகிற மாணவிகள், அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, தமிழில் வாசித்துச் சொன்ன பிறகுதான் தலையாட்டினார். இந்த வேலையை எந்த இணையத்தளமும் செய்யாது, ஊரில் ஒரு ஆள் செய்யவேண்டும். ஒகினாவாவும் 1945இல் பெரிய சண்டை நடந்த மண், இன்றைக்கும் அங்கே வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தங்கச்சி வந்து சொன்னபோது அம்மா கனநேரம் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

குறை என்றால், போட்டி மிகக் கடுமை. அங்கே துறைகள் என்று பிரிவு இல்லை, அறிவியல் சார்ந்த ஆய்வுக்குழுக்கள்தான். இயந்திரவியல், இலத்திரனியல், கணினி மாணவர்களுக்குப் பொருந்தும் குழுக்கள் கிடைக்கும், சிவில் மாணவருக்குத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

சிவில், இரசாயனம், தண்ணீர், சூரியசக்திப் பக்கம் இருப்பவர்கள் சவூதியின் செங்கடல் கரையிலுள்ள காவுஸ்ட் பல்கலைக்கழகத்தின் வருகை மாணவர் ஆய்வுத் திட்டத்தைப் பார்க்கலாம். கடல்நீரைக் குடிநீராக்குவதற்கென்றே அங்கே பெரிய ஆய்வு மையம் இருக்கிறது, பூநகரிப் பக்கத்தில் உவர்நீர்க் கிணறுகளோடு வளர்ந்த பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு. தங்குமிடம், மாதாந்த உதவித்தொகை என்று வசதிகள் நல்லது. ஆனால் ஜீபிஏ நிபந்தனை உயரம். முதல் வருடம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிப் புள்ளி விட்ட எங்கள் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே வெளியே நிற்கவேண்டி வருகிறது, கடைசி வருடங்களில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் முதல் வருடத்தின் சுமை போகாது. அதனால் எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன்.

கூகிள் சம்மர் ஒஃப் கோட் 2005இலிருந்து நடக்கிறது, மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அதில் உலக அளவில் பெயரெடுத்தவர்கள். கடவுச்சீட்டு வேண்டாம், விசா வேண்டாம், கிளிநொச்சியில் இருந்துகொண்டே திறந்த மூல மென்பொருளுக்கு வேலை செய்யலாம், ஒரு வழிகாட்டி இருப்பார், நாட்டின் வாங்கும் சக்திக்கு ஏற்ப டொலரில் கொடுப்பனவு. கண்டிப்பாக ஆய்வு என்று சொல்லமுடியாது, ஆனால் ஆய்வுக்குத் தேவையான ஒழுக்கம் அத்தனையும் பழகலாம்: உங்கள் வேலையை முன்பின் தெரியாத ஒருவர் வரிவரியாகப் பார்த்துப் பிழை சொல்வார், நீங்கள் கோபப்படாமல் திருத்தவேண்டும். இது முன்கூட்டிக் கேட்பது காசு இல்லை, மாதங்கள். விண்ணப்பம் திறப்பதற்குக் கனகாலம் முதலே அந்தத் திட்டத்துக்குள் போய்ச் சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பி, அங்கே இருப்பவர்களுக்கு உங்கள் பெயர் பழகியிருக்கவேண்டும். கடைசி நேரத்தில் முன்மொழிவு மட்டும் எழுதி அனுப்பினால் கிடைப்பது அரிது. இன்னொன்று, ஓரளவு நல்ல லப்டொப் வேண்டும், கம்பஸ் கணினிக்கூடத்தில் இருந்து மட்டும் சமாளிப்பது கஷ்டம்.

இனிக் கசப்பான பகுதி. எனக்குத் தெரிந்த சில பிள்ளைகள் ஒரு நிறுவனத்துக்குக் காசு கட்டி ஆய்வு இன்டர்ன்ஷிப் செய்தார்கள். வழிகாட்டி என்று சொன்ன ஆள் ஒருநாளும் கதைக்கவில்லை, ஏற்கெனவே இணையத்தில் கிடக்கிற ஒரு செயற்திட்டத்தைப் பெயர் மாற்றி ஒப்படைக்கச் சொன்னார்கள், கடைசியில் தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். அந்தக் காசுக்கு ஒரு பிள்ளை அம்மாவின் தோட்டை அடகு வைத்திருந்தது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. உண்மையான ஆய்வுப் பயிற்சியில் உங்களுக்குத்தான் காசு வரும், அல்லது குறைந்தது உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள். கட்டுரையைக் கிழமைக்குள் வெளியிடுகிறோம், கட்டணம் மட்டும் அனுப்புங்கள் என்று வருகிற ஆய்விதழ்களும் இதே கூட்டம்தான். வழிகாட்டியின் பெயரைத் தேடிப் பாருங்கள், அவர் எங்கே வேலை செய்கிறார், என்ன எழுதியிருக்கிறார் என்று கூகிள் ஸ்கொலரில் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆளே இல்லை என்றால் காசை வீட்டில் வையுங்கள்.

வெளிநாடு மட்டும்தான் ஆய்வு என்று யாரும் நினைக்கவேண்டாம். அறிவியல் நகரில் பொறியியல் பீடம் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிறது, விவசாய பீடமும் அங்கேதான், வவுனியாவில் 2021இலிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. விடுமுறையில் உங்களோடு வேலை செய்யலாமா என்று ஒரு லெக்சரரிடம் போய்க் கேட்பதற்குக் கூச்சம்தான் தடை, நான் பார்த்தவரையில் கேட்ட பிள்ளைக்குப் பெரும்பாலும் ஏதாவது ஒரு வேலை கிடைத்திருக்கிறது. பிரச்சினை அந்த இரண்டு மாதச் சாப்பாடும் பஸ் காசும்.

இந்த இடத்தில்தான் வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பழைய மாணவர் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டுகிறீர்கள், ஏஎல் பெறுபேறு வந்ததும் மாலை போட்டுப் பரிசளிக்கிறீர்கள், அதெல்லாம் தேவைதான். அந்தப் பிள்ளை மூன்றாம் வருடம் விடுமுறையில் எங்கே நிற்கிறது என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். ஆர்இயூ மாதிரிச் சின்ன அளவில் செய்யலாம்: கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஒரு ஆய்வுகூடம், ஒப்புக்கொண்ட ஒரு லெக்சரர், இரண்டு மாதத்துக்கு மேசன் வேலைக்குக் கிடைக்கும் கூலிக்குக் குறையாத ஒரு தொகை, அதை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதியே கொடுப்பது. கடைசியில் மொத்தமாகத் தருகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். தேர்வை ஜீபிஏ வைத்து மட்டும் செய்யாதீர்கள், பிள்ளை ஏதாவது செய்து பார்த்திருக்கிறதா என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளுக்குத் தங்குமிடத்தை நீங்களே பேசிக் கொடுங்கள், அதில் கனபேருக்குக் கதவு திறக்கும். ஒரு மண்டபத்தின் கூரைச் செலவில் எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் செய்யலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு நடைமுறை விஷயங்கள் சில. கடவுச்சீட்டை இப்போதே எடுங்கள், இடம் கிடைத்த பிறகு ஓடினால் நாள் போதாது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. இன்றைக்குக் கம்பஸில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் சின்ன வயதில், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தவர்கள், பிறப்புச் சான்றிதழ் இடம்பெயர்வில் தொலைந்து பிறகு பிரதி எடுத்திருப்பார்கள். அந்தப் பிரதியில் ஒரு எழுத்துக்கூட்டு, அடையாள அட்டையில் வேறு, ஏஎல் சான்றிதழில் இன்னொன்று என்று இருந்தால் விசா மேசையில் நிற்கவேண்டி வரும், அதற்குக் கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போய்வரவேண்டும். முதல் வருடத்திலேயே கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) போய்த் திருத்திவிடுங்கள். ஓஐஎஸ்டிக்கு வருடத்தில் இரண்டு சுற்று, ஏப்ரல் நடுவிலும் ஒக்டோபர் நடுவிலும் முடியும், நாளைத் தளத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு லெக்சரரிடம் கடைசிக் கிழமையில் போய் நிற்காதீர்கள். ஒரு மாதம் முதலே போய், உங்கள் பெறுபேற்றுப் பத்திரம், நீங்கள் செய்த வேலை பற்றி ஒரு பக்கம், எந்தக் குழுவுக்கு ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்ற குறிப்பு மூன்றையும் கையில் கொடுத்து, இரண்டு கிழமை கழித்து ஒருதரம் நினைவுபடுத்துங்கள்.